புளிச்ச மாவைக் கொட்டாதீங்க மக்கா!

போன மாசம் லீவுக்கு வாசுதேவநல்லூர் போயிருந்தேன். ஃப்ரிட்ஜில் நாலு நாள் மாவு. மோந்து பார்த்தேன், மூக்கில் ஏறுகிற புளிப்பு. அப்படியே சிங்க்கில் கொட்டிவிட்டேன். பின்னால் நின்ற ஆச்சி திட்டவில்லை. "ஆட்டுனவளுக்குத்தாம்ல தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இந்தக் கதைக்கும் சாக்லேட் சிப் குக்கிக்கும் சம்பந்தம் இருக்கிறது, பொறுங்கள்.

2020 ஊரடங்கில் வெளிநாடுகளில் பலர் வீட்டிலேயே சவர்டோ ரொட்டி சுடக் கிளம்பினார்கள். கோதுமை மாவும் தண்ணீரும் கலந்து வைத்தால் சில நாளில் தானாகப் புளிக்கும். அதற்கு அடிக்கடி புது மாவு போட வேண்டும். போடும்முன் பழையதில் கொஞ்சம் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாத்திரம் கொள்ளாது. அந்த மிச்சத்தைக் கொட்ட மனசில்லாமல் வெண்ணெய், சர்க்கரை, சாக்லேட் சேர்த்து குக்கி சுடுகிறார்கள். உப்ப வைப்பது சோடாவின் வேலை. புளிப்பு பட்டதும் அது பொங்கும். லேசான புளிப்பு, தித்திப்பு திகட்டாமலும் பார்த்துக்கொள்ளும்.

படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆச்சி பணியாரக் குழியில் செய்வதும் இதுதானே! புளிச்ச மாவில் வெல்லப்பாகு, கொஞ்சம் அரிசி மாவு, ஏலக்காய், தேங்காய்ப் பல், ஒரு சிட்டிகை சோடா. மாவில் உப்பு இருக்குமே என்கிறீர்களா? குக்கியிலும் உப்பு போடுகிறார்கள் ஐயா!

அவர்கள் செய்தால் 'ஜீரோ வேஸ்ட்', ஆச்சி செய்தால் கஞ்சத்தனமா? இட்லி மாவு பொங்குவதற்கு லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாதான் முக்கியக் காரணம் என்று 1965-லேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. புளிப்பு என்பது அந்த வகை பாக்டீரியாக்கள் உழைத்ததற்கு அடையாளம். அது கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல. கலர் கலராகப் பூசணம் பிடித்தாலோ, நாற்றம் அடித்தாலோ தாராளமாகக் கொட்டுங்கள். வெறும் புளிப்புக்காகக் கொட்டாதீர்கள்.

பாக்கெட் மாவு வந்தபிறகு நமக்கு மாவு என்றால் காசு மட்டும்தான். ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன் ஒரு நாள் நானே மாவு ஆட்டினேன். உளுந்து களைந்து, ஊறப்போட்டு, தள்ளித் தள்ளி ஆட்டி, கடைசியில் கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆச்சி சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

உங்கள் வீட்டில் புளிச்ச மாவை என்ன செய்கிறீர்கள்? கொட்டுகிறவர்களும் வெட்கப்படாமல் சொல்லுங்கள், நானும் உங்கள் கட்சியில் இருந்தவன்தான்.