ஆறாம் வகுப்பில் எக்ஸ் வராவிட்டால் குடிமுழுகிப் போகாது

தமிழ்நாடு-கேரள எல்லையில் களியக்காவிளையைத் தாண்டினால் பாடநூல் மாறிவிடுகிறது. தமிழ்நாட்டுப் பிள்ளை ஆறாம் வகுப்பின் முதல் பருவத்திலேயே இயற்கணிதத்தைப் பார்த்துவிடுகிறது. இந்தப் பக்கம் செங்கல், பாறசாலை ஊர்களில் கேரளப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைக்குச் ‘சமன்பாடுகள்’ என்ற அத்தியாயம் எட்டாம் வகுப்பில்தான் இருந்துவந்தது. இதை வைத்துத்தான், “நம்ம பிள்ளைகள் இரண்டு வருஷம் பின்னால் கிடக்கிறார்கள், ஆறிலேயே பவுண்டேஷன் கோர்ஸில் சேர்த்துவிடணும்” என்ற பேச்சு எழுகிறது. கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் அதன் ஒவ்வொரு காலும் ஆட்டம் காண்கிறது.

முதலில் அந்த இரண்டு வருஷக் கணக்கு. தமிழ்நாட்டு ஆறாம் வகுப்புப் பாடம் தீக்குச்சிகளை அடுக்கி, அமைப்பைக் கண்டுபிடித்து, மாறும் எண்ணுக்கு ஓர் எழுத்தை வைப்பதோடு நிற்கிறது. கேரளத்தின் எட்டாம் வகுப்பு நூலோ பின்னோக்கி யோசித்து விடை காண்பதில் தொடங்கி, பிறகு எழுத்தை வைத்துச் சமன்பாட்டையே தீர்க்கச் சொன்னது. இரண்டும் ஒரே பாடம் இல்லை. தலைப்பை மட்டும் பார்த்து வருஷம் எண்ணக்கூடாது.

“அப்படியானால் சிபிஎஸ்இக்கு மாற்றிவிடலாம்” என்பது அடுத்த யோசனை. சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் நூல்களில், என்சிஇஆர்டி 2024இல் வெளியிட்ட புதிய ஆறாம் வகுப்பு நூலில், முன்பு இருந்த இயற்கணித அத்தியாயமே இல்லை. எண்ணுக்கு எழுத்தை வைக்கும் பாடம் 2025இல் வந்த ஏழாம் வகுப்பு நூலுக்குப் போய்விட்டது.

“ஐஐடிக்கு ஆறிலிருந்தே தயாராகாவிட்டால் முடியாது” என்கிறார்கள். ஐஐடிக்கான ஜேஇஇ நுழைவுத் தேர்வின் பாடத்திட்டம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுடையது. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக்கூடாது என்று மத்தியக் கல்வி அமைச்சகமே 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது பதினொன்று. பயிற்சி மையங்களுக்குச் சுவரொட்டி அடிப்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

இனி பெரிய வாதம்: சீக்கிரம் தொடங்கினால் நல்லதுதானே, கெடுதல் என்ன? கெடுதல் உண்டு, அதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சார்லட் நகரப் பள்ளிகள் 2002-03இல் சுமாராகப் படிக்கும் மாணவர்களையும் எட்டாம் வகுப்பிலேயே இயற்கணிதத்துக்குத் தள்ளின. கிளாட்ஃபெல்டர், லாட், விக்டர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகளின் பதிவுகளைப் பின்தொடர்ந்தார்கள். முன்கூட்டித் தள்ளப்பட்டவர்கள் இயற்கணிதத் தேர்விலேயே குறைந்த மதிப்பெண் பெற்றார்கள். அடுத்து வந்த வடிவியலிலும் தடுமாறினார்கள். சான் பிரான்சிஸ்கோ நேரெதிர்த் திசையில் போனது. 2014இல் எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தை எல்லாருக்கும் நிறுத்தி, பெற்றோரின் கோபத்தைச் சம்பாதித்து, 2024இல் திரும்பக் கொண்டுவர முடிவு செய்தது. எல்லாரையும் ஒரே வயதில் தள்ளியதும் தவறு, எல்லாரையும் ஒரே வயதில் நிறுத்தியதும் தவறு.

வயது இல்லையென்றால் வேறெது? பின்னம். பத்து வயதில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரியும் என்பதை வைத்துப் பதினாறு வயதில் இயற்கணிதம் எப்படி வரும் என்று ஊகிக்க முடிவதை, அமெரிக்க, பிரிட்டன் மாணவர்களின் தரவுகளைக் கொண்டு சீக்லர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2012இல் காட்டினார்கள். சமக்குறியும் அப்படித்தான். 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுத்தால் பெட்டிக்குள் 12 போடும் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்குச் சமக்குறி என்றால் ‘விடையை எழுது’ என்ற கட்டளை. அந்தப் பிள்ளையிடம் எக்ஸைக் கொடுத்தால் என்ன நடக்கும்? எண்ணை இந்தப் பக்கம் கொண்டுவா, குறியை மாற்று என்று மனப்பாடம் பண்ணும், மதிப்பெண்ணும்கூட வாங்கும்; ஆனால் புரிந்திருக்காது.

சிங்கப்பூரில் ஆறாம் வகுப்பிலேயே இயற்கணிதம் வருகிறதே என்பார்கள். வருகிறது. ஆனால் அதற்கு முந்தைய வகுப்புகளிலேயே பட்டை வரைந்து, தெரியாத அளவைக் கண்ணால் பார்க்கப் பழக்கிவிடுகிறார்கள். நம் மரபும் இந்த வரிசையில்தான் போனது: பாஸ்கரரின் லீலாவதி எண்கணிதத்தைச் சொல்கிறது, எழுத்தை வைத்துக் கணக்கிடும் பீஜகணிதம் தனி நூல்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வேகமாக ஓடும் பிள்ளையை வகுப்பில் கட்டிப்போடுவது அநியாயம். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் கேரள எஸ்சிஇஆர்டி நியூமாட்ஸ் திட்டத்தை வைத்திருக்கிறது. அதற்கான தேர்வு ஆறாம் வகுப்பிலேயே நடக்கிறது. அதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரிடம் கேளுங்கள்.

பவுண்டேஷன் கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் பிள்ளையிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள்: ஓர் எண்ணின் முக்கால் பங்கோடு 5 கூட்டினால் 26 வருகிறது, அந்த எண் என்ன? 26இல் 5 போக 21, அதுதான் முக்கால், அப்படியானால் கால் 7, முழுசு 28 என்று எக்ஸ் இல்லாமலே சொன்னால் பிள்ளை தயார்; இன்னும் கடினமான கணக்குகளைக் கொடுங்கள். திணறினால் அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பின்னப் பாடத்தைத் திரும்ப எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.