கைராசியின் மீது பழி வேண்டாம்

திருப்பதியிலும் சித்தூரிலும் மாடித்தோட்டம் வைத்திருப்போர் பலருக்கு ஸ்ட்ராபெர்ரியின் மீது தீராத ஆசை உண்டு. தை மாதத்தில் பழத்தோடு வாங்கி வந்த தொட்டிச்செடி, சித்திரை முடிவதற்குள் கருகிப்போகிறது. "நம் கைராசி அவ்வளவுதான்" என்று மனம் சோர்ந்து, தோட்டத்தையே கைவிடுவோரும் உண்டு. இந்தத் தீர்ப்பு நியாயமற்றது. செடியை விற்றவர்கள் சொல்லாமல் விட்ட பருவக் கணக்கே இத்தோல்விக்குக் காரணம்.

இன்று உலகெங்கும் பயிராகும் ஸ்ட்ராபெர்ரி, வட அமெரிக்க இனமும் சிலி நாட்டு இனமும் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களில் கலந்து உருவானது. இந்தியாவில் பரவலாகப் பயிரிடப்படும் வகைகள், பகற்பொழுது குறைந்த நாட்களில் பூப்பவை. திருப்பதியில் ஆண்டின் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. ஆகவே பகலின் நீளம் இங்கே தடையன்று. வெப்பமே தடை. 30 டிகிரிக்கு மேல் வெயில் நீடித்தால் பூப்பது வெகுவாகக் குறையும். கோடையில் திருப்பதி 40 டிகிரியைக் கடக்கிறது. ஸ்ட்ராபெர்ரிக்குப் பெயர்பெற்ற மகாபலேஸ்வரம் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆந்திரத்தில் அது விளையும் லம்பசிங்கியும் மலையூரே. திருப்பதி நகரமோ 200 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. எனவே இவ்வூர்களில் ஸ்ட்ராபெர்ரியைப் பல்லாண்டுச் செடியாக எண்ணாமல், ஒரு பனிக்காலப் பயிராகக் கொள்வதே அறிவுடைமை.

ஐப்பசி முடியும் தறுவாயில், அடைமழை நேரே விழாத இடத்தில் நடவேண்டும். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் ஆகியவை கலந்த, நீர் தேங்காத தொட்டி தேவை. குருத்து மண்ணுக்குள் புதைந்தால் அழுகும். வேர் வெளியே தெரிந்தால் காயும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் இலையோரங்களைக் கருக்கும். சேமித்த மழைநீரே சிறந்தது. வைக்கோல் பரப்பினால் ஈரமும் நிற்கும், பழமும் மண்ணில் படாது. இவ்வாறு வளர்த்தால் தையிலும் மாசியிலும் சில கைப்பிடிப் பழங்களை எதிர்பார்க்கலாம்.

விதையை நம்புவது வீண். கலப்பினமாதலால், பழத்திலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியின் குணத்தை அப்படியே தராது. ஓடுதண்டில் வேரூன்றிய நாற்றே ஏற்றது. இணையத்தில் விற்கப்படும் 'நீல ஸ்ட்ராபெர்ரி' விதையோ அப்பட்டமான ஏமாற்று. அப்படியொரு பழமே உலகில் இல்லை.

நான்கே மாதம் வாழும் செடிக்கு இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். கொத்தமல்லியையும் சாமந்தியையும் பார்த்து எவரும் அப்படிக் கேட்பதில்லை. பங்குனி வெயிலில் செடி வாடினால், குடம் குடமாக நீர் ஊற்றி அதைக் காக்க முயல்வது வறண்ட மாவட்டத்திற்குத் தகாத செலவு. அந்தத் தொட்டியில் தண்டுக்கீரையை விதைக்கலாம். நாற்றுப்பண்ணைகளும் தம் பங்குக்கு, வகையின் பெயரையும் நடும் மாதத்தையும் தொட்டியின் மீதே எழுதி விற்கவேண்டும். அச்சிறு சீட்டு இருந்தால், பலர் தம் கையை நொந்துகொள்ளாமல் அடுத்த ஐப்பசிக்குக் காத்திருப்பார்கள்.