நாளை மழையும் நூறாண்டுச் சீதோஷ்ணமும்

நாளைப் பிற்பகல் மழை பெய்யுமா என்று திட்டமாய்க் கூறமாட்டாத விஞ்ஞானிகள், நூறாண்டு கழித்துப் பூமி எவ்வளவு உஷ்ணமடையும் என்று கூறத் துணிவது விந்தையன்றோ என வினவுவார் பலர். கற்றோரும் இவ்விடத்து மயங்குவதால், இவ்வினாவை நகைத்துத் தள்ளுதல் முறையன்று.

அடைத்த கலத்திலுள்ள வாயுவின் மூலக்கூறுகளுள் ஒன்று சற்று நேரத்திற்குப்பின் எங்கே நிற்கும் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆயினும் அக்கலத்தைச் சூடேற்றினால் அழுத்தம் எவ்வளவு மிகும் என்பதைப் பள்ளி மாணவனும் கணக்கிடுவான். தனித்தனியே அறியவொண்ணாதவை கோடிக்கணக்கில் கூடுமிடத்து ஓர் ஒழுங்கிற்கு உட்படுகின்றன. மாக்ஸ்வெல், போல்ட்ஸ்மான் முதலியோர் 19-ஆம் நூற்றாண்டில் நிறுவிய புள்ளிவிவரப் பௌதிகத்தின் உயிர்நிலை இதுவே. நாளை மழை ஒரு மூலக்கூற்றின் போக்கைப் போல்வது. சீதோஷ்ணமோ கலத்தின் அழுத்தத்தைப் போல்வது.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. பொன் நிறுக்கும் தராசு நம் மூச்சுக்காற்றுக்கும் நடுங்கும். விறகு நிறுக்கும் தராசு அசையாது. ஆகவே எடையொன்றும் வையாமலே முள்ளின் நடுக்கத்தை நெடுநேரம் நோக்கியிருப்பவன், எடை வைத்தால் அது எவ்வளவு சாயும் என்பதை ஊகித்தறியலாம். 1905-இல் ஐன்ஸ்டீன், நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத நடுக்கத்தை ஆராய்ந்து இத்தகைய உறவொன்றை நாட்டினார். 1975-இல் லீத் என்னும் அமெரிக்க அறிஞர் இதனைச் சீதோஷ்ணத்திற்கும் பொருத்தலாம் என்றார். அடுத்த ஆண்டு ஹாம்பர்க் நகரத்து ஹாஸெல்மான், நாடோறும் மாறும் வானிலையின் அலைப்பு, மெல்ல அசையும் கடலில் நீண்டகால மாறுதலாய்த் திரள்வதைக் கணித்துக் காட்டினார். 2021-இல் நோபெல் பரிசிலும் பங்கு பெற்றார்.

தடையும் உண்டு. தராசு அமைதியில் நிற்பது; பூமியோ ஞாயிற்றின் ஒளியை இடையறாது ஏற்று, வெப்பத்தை வெளியே வீசிக்கொண்டிருப்பது. ஆதலின் பழைய விதி அப்படியே செல்லாது. ரூயேல் என்னும் அறிஞர் இந்நிலைக்கும் ஏற்ற விதி வகுத்தார். அவ்வழி நின்று லூக்காரினி முதலியோர், கணிப்பொறியில் அமைத்த மாதிரிப் பூமியில் கரியமிலவாயுவைத் திடீரென இரட்டித்தனர். அதன் விளைவைக் கொண்டே, அவ்வாயு ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றாக ஏறினால் உஷ்ணம் எவ்வாறு உயரும் என்று முன்னுரைத்து 2016-இல் வெளியிட்டனர். எனினும் இக்கணக்கு ஓர் எல்லைவரையே செல்லும்; தராசு கவிழுமிடத்தில் பயன்படாது.

ஹவாயித் தீவின் மௌனா லோவா மலைமேல் 1958-இல் அளவெடுக்கத் தொடங்கியபோது காற்றில் பத்துலட்சத்திற்கு ஏறக்குறைய 315 பங்காயிருந்த கரியமிலவாயு, 2024-இல் 420-ஐக் கடந்துவிட்டது. அது பண்டைய அளவின் இருமடங்கானால் உஷ்ணம் முடிவில் 2.5 முதல் 4 டிகிரி சென்டிகிரேடு வரை ஏறக்கூடும் என்று 2021-இல் ஐக்கிய நாடுகளின் அறிஞர் குழு மதிப்பிட்டது. இடைவெளி பெரிதுதான். ஆனால் ஐயத்தின் பேரால் வாளாவிருப்போர், அவ்வையம் மேற்புறமும் நீளும் என்பதை மறந்தனர். முள்ளின் நடுக்கத்தை நாம் அளந்து முடிக்குமுன்னரே தட்டில் எடை ஏறிக்கொண்டிருக்கிறது.

இன்று பயிலும் இளைஞர் தம் முதுமையை அச்சீதோஷ்ணத்திலேயே கழிப்பர். பரீட்சைக்கென்று வாயுவிதிகளை மனனம் செய்யும் நம் பௌதிக மாணவருள் சிலரேனும், தேறியபின் அவற்றை மறவாது இத்துறையிற் புகுதல் வேண்டும் என்பதே எம் கருத்து.