மாத்திரையைச் சோதிக்கக் கேட்கும் உரிமை

சீத்தா கேம்ப்பில் அரிசி வாங்கும் தாய்மார்கள் ஒரு பிடி அள்ளிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார்கள். அதே தாய்மார்கள், மெடிக்கல் ஷாப்பில் அட்டையிலிருந்து கத்தரித்துத் தரும் நாலு மாத்திரையை மறுபேச்சின்றி வாங்கிச் செல்கிறார்கள். பில் கிடையாது. பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள ஓரம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. கண்ணால் பார்த்து மாத்திரையில் என்ன தெரியும் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாதுதான், சோதனைக்குத் தெரியும்.

ஆஸ்பிரினை எடுத்துக் கொள்வோருக்கு அது மாத்திரை. வேதியியலுக்கு அது ஓர் அமிலம். 20 மாத்திரைகளை எடை போட்டுப் பொடியாக்கி, அதில் ஒரு பங்கை அளவு தெரிந்த காரக் கரைசலில் பத்து நிமிஷம் கொதிக்க வைக்கிறார்கள். ஆஸ்பிரின் தன் பங்குக் காரத்தைத் தின்றுவிடும். மிச்சக் காரத்தை, பியூரெட்டிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிறார்கள். நிறம் மாறியதும் கணக்கு முடிந்தது. 0.5 மோலார் காரம் ஒரு மில்லிலிட்டர் செலவானால், 45.04 மில்லிகிராம் ஆஸ்பிரின் இருந்தது என்று பொருள். அட்டையில் போட்ட அளவில் 95 முதல் 105 சதவீதம் இருக்க வேண்டும். டைட்ரேஷன் எனப்படும் இது கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பழகிய வேலைதான்.

ஆனால் இதுவும் ஏமாறும். உப்பங்கழியின் ஈரக்காற்றும் தகரக் கூரையின் வெக்கையும் பட்ட ஆஸ்பிரின், சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் உடைகிறது. வினிகர் வாடை அடிப்பது அதனால்தான். கெட்டுப்போன அந்த மாத்திரையும் ஏறக்குறைய அதே அளவு காரத்தைத் தின்னும்! சாலிசிலிக் அமிலத்துக்குத் தனிச் சோதனை வேண்டும். எனவே கல்லூரி பியூரெட் போதாது. சர்க்கார் பகுப்பாய்வாளரிடம்தான் போகவேண்டும்.

போகலாமா? போகலாம். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டம், 26-வது பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. மருந்து வாங்கிய எவரும் விண்ணப்பமும் கட்டணமும் கொடுத்துச் சோதிக்கச் சொல்லி, கையெழுத்திட்ட அறிக்கை பெறலாம். அங்கீகாரம் பெற்ற நுகர்வோர் சங்கமும் கேட்கலாம்.

இது வீண் பயமல்ல. 1986-இல் இதே நகரின் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் கிளிசரால் கொடுக்கப்பட்ட 14 நோயாளிகள் மாண்டார்கள். அதில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது. பெர்அயோடேட் சேர்த்தால் கிளிசரால் உடைந்து ஃபார்மிக் அமிலம் தரும். அதையும் காரத்தால் அளக்கலாம். நஞ்சு அந்த அமிலத்தைத் தராது, கணக்கு குறையும். நீதிபதி லெண்டின் கமிஷன் விசாரித்தபோது, ஆஸ்பத்திரி முதல் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா வரை எல்லோருடைய லட்சணமும் சந்திக்கு வந்தது.

1976-இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து போடப்பட்ட ஜனங்களுக்குச் சங்கம் கூடத் தெரியாததல்ல. சந்தேகம் வந்தால், சோதனைக் கட்டணத்தை ஒருவர் தலையில் கட்டாமல் சந்து முழுவதும் பகிர்ந்து கொள்ளலாம். அதற்கு நறுக்காத முழு அட்டையும் பில்லும் வேண்டும். பில் கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.