பூவை உதிர்த்த பலகை

தோழரே! பூவிருந்தவல்லி என்கிறோம், பேச்சு வழக்கில் பூந்தமல்லி என்று சுருங்கினாலும் பூ உதிர்ந்துவிடவில்லை. ஆங்கிலப் பலகையிலோ ‘பூனமல்லி’! வெள்ளையன் நாவுக்கு எட்டியதே ஊருக்குப் பெயராயிற்று.

பெயர் எதுவானால் என்ன என்பர் சிலர். பிலிப்பைன்சைப் பாருங்கள்! நாட்டின் பெயரே ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்பின் பெயர். 1849-இல் ஆளுநர் கிளாவேரியா, குடும்பப் பெயர்ப் பட்டியலொன்றை வகுத்து மக்களுக்குப் பங்கிட ஆணையிட்டான். வரி தண்டவும் தலை எண்ணவும் வசதி வேண்டுமாம்! பாட்டன் அறியாத பெயர் பேரன் தலையில் ஏறியது. 1898-இல் ஸ்பெயின் ஆட்சி அகன்றது. அது சூட்டிய பெயர்கள் அகலவில்லை. கார்சியாக்களும் சாந்தோசுகளும் அங்கே ஏராளம். ஸ்பானிய மொழி பேசுவோரோ மிகச் சிலர்!

அத்தனை கேடு நமக்கு நேரவில்லை, ஒப்புகிறேன். ஊர்ப்பெயர் நம் வாயில் வாழ்கிறது. ஏட்டில்தான் சிதைந்து கிடக்கிறது. 2020 ஜூனில், 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப ஆங்கிலத்தில் எழுத அரசாணை வெளிவந்தது. பூவிருந்தவல்லியும் அம்பத்தூரும் அதில் இருந்தன. எழுத்துக்கூட்டலில் குறை கண்டனர் பலர். திருத்தினால் தீரும் குறை! சில நாட்களில் ஆணையையே திரும்பப் பெற்றனர்.

ஆவடித் தோழரே, அம்பத்தூர்த் தோழரே, அந்த ஆணையைத் திருத்தி மீண்டும் வெளியிடச் சொல்லிக் கேட்போமா?