ராஜிக்கு மறுத்தவர் செலவை ஏற்கட்டும்

நாகூரில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு என்று வைத்துக்கொள்வோம். தர்காவை ஒட்டிய தெருவில் பழைய ஓட்டு வீடு. அண்ணன் ஊரில், தம்பி சிங்கப்பூரில். "உன் பங்குக்கு 12 லட்சம் வாங்கிக்கொள்" என்று அண்ணன் வக்கீல் மூலம் எழுதுகிறார். தம்பி மசியவில்லை, நாகப்பட்டினம் கோர்ட்டில் வழக்கு. எட்டு வருஷம் வாய்தாவில் கழிகிறது. கடைசியில் வீடு ஏலம் போய் தம்பி கைக்கு வருவது 10 லட்சம். அண்ணனுக்கு வக்கீல் ஃபீஸ் போனது போனதுதான். தீர்ப்பின் கடைசி வரி நமக்குத் தெரிந்ததே: "செலவுத் தொகை இல்லை."

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவுப்படி, ஜெயித்தவருக்குச் செலவுத் தொகை மறுக்கப்பட்டால் நீதிபதி அதற்குக் காரணம் எழுதவேண்டும். 'உறவினர்களுக்குள் வழக்கு' என்ற ஒற்றை வரியே பெரும்பாலும் காரணமாகிவிடுகிறது. பயணம், தங்கும் செலவு, இழந்த நேரம் உட்பட நியாயமான உண்மைச் செலவைத் தரவேண்டும் என்று சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பொய் வழக்குக்கான இழப்பீட்டு உச்சவரம்போ, 1976 திருத்தத்தில் வைத்த 3,000 ரூபாய். இன்றைக்கு ஒரு வாய்தாவுக்கே அது காணாது.

மறுக்கப்பட்ட சமரசத்துக்கு நம் சட்டத்தில் விலையே இல்லை என்பதும் சரியல்ல. அதே 1908 சட்டத்தின் கட்டளை 24-ஐப் பாருங்கள். நெல் வியாபாரி 4 லட்சம் பாக்கி என்று வழக்குப் போடுகிறார். பிரதிவாதி 3 லட்சத்தைக் கோர்ட்டில் கட்டிவிடுகிறார். வியாபாரி அதைப் பகுதித் தொகையாக மட்டும் எடுத்துக்கொண்டு மீதிக்காக வழக்கை நடத்துகிறார். முடிவில் 3 லட்சம்தான் நியாயம் என்று கோர்ட் சொன்னால், பணம் கட்டிய பிறகான வழக்குச் செலவை வியாபாரியே தரவேண்டும். கச்சிதமான விதி. ஆனால் கடனுக்கும் நஷ்டஈட்டுக்கும் மட்டும். பணத்தையும் கோர்ட்டில் கட்டியாகவேண்டும்.

2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம் இதைவிட ஒரு படி மேலே போனது. நியாயமான சமரச முன்மொழிவை ஒருவர் காரணமில்லாமல் நிராகரித்தாரா என்று பார்த்தே செலவை முடிவு செய்யச் சொல்கிறது. 2018 முதல் 3 லட்ச ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிக வழக்குகளுக்கே இது பொருந்தும். அண்ணன் தம்பி வீட்டுக்குப் பொருந்தாது. வியாபாரிக்கு ஒரு நியாயம், குடும்பத்துக்கு ஒரு நியாயமா?

ராஜியாகிறவருக்குச் சலுகை உண்டு. தாங்களே பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை ஏற்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வீம்புக்கு வழக்காடுகிறவருக்கு மட்டும் எந்த நஷ்டமும் இல்லை. அந்தத் தம்பி இருக்கும் சிங்கப்பூரில் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, வழக்குக்கு முன்பே சமரசத்துக்கு முயலவேண்டும்; முயன்றாரா என்பது செலவுத் தொகையிலும் கணக்கில் வரும்.

ஓர் ஆபத்தை மறைக்கக்கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்தில் கணவரை இழந்த மீனவப் பெண்ணிடம் காப்பீட்டு நிறுவனம் அடிமாட்டு விலை பேசும். மறுத்தால் செலவு உன் தலையில் என்றால் அவர் பயந்து கையெழுத்துப் போட்டுவிடுவார். விபத்து, ஜீவனாம்சம், கூலி வழக்குகளில் இந்த விதி எளியவர் மேல் பாயக்கூடாது. மற்றவற்றில் முன்மொழிவு எழுத்தில் இருக்கட்டும். யோசிக்க 30 நாள் அவகாசம் தரட்டும். தீர்ப்புச் சொல்லும்வரை நீதிபதி கண்ணில் படாமல் உறையில் இருக்கட்டும்.

இதற்கு நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளைகளைத் திருத்தும் அதிகாரத்தை 122-ஆம் பிரிவு உயர் நீதிமன்றங்களுக்கே தந்திருக்கிறது. கட்டளை 24-ஐப் பாகப்பிரிவினை வழக்குகளுக்கும் விரிக்கும் வேலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கவேண்டும்.