எழுத்துப் போட்டிகளும் இளம் எழுத்தாளரும்

இஸ்லாம் தோன்றுவதற்கு முன்பே, அரபு நாட்டில் தாயிஃப் நகருக்கு அருகே உக்காழ் என்னும் சந்தை ஆண்டுதோறும் கூடியது. வணிகப் பொருள்கள் கைமாறிய அச்சந்தையில் கவிதையும் அரங்கேறியது. நாபிகா என்னும் முதுபெருங்கவிஞருக்குச் செந்நிறத் தோலால் கூடாரம் அமைப்பர், கவிஞர்கள் அவர் முன்னிலையில் பாடுவர், அவர் தீர்ப்பளிப்பார். ஒருமுறை அஃஷா என்னும் கவிஞருக்கு முதலிடமும், கன்ஸா என்னும் பெண்பாற்புலவருக்கு அடுத்த இடமும் கிடைத்தன. அவையிலிருந்த ஹஸ்ஸான் பின் ஸாபித் அத்தீர்ப்பை ஏற்காமல் எதிர்வழக்காடினார். நாபிகா சினந்து அவரை வெளியேற்றவில்லை. "விருந்தோம்பலைப் பாடுகிறாய், ஆனால் கலங்களைச் சிறுதொகையாகச் சுட்டும் சொல்லை ஆண்டிருக்கிறாய். விருந்தினர் மிகுதியாக வருவது இரவிலன்றோ? நீ பகலைப் பாடியதேன்?" என்னும் கருத்துப்பட, குறையைச் சொல் சொல்லாக எடுத்துக்காட்டினார் என்று அரபு இலக்கிய மரபு கூறுகிறது.

கன்ஸா (ரலி), ஹஸ்ஸான் (ரலி) ஆகிய இருவரும் பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவினர். அன்று பரிசிழந்த ஹஸ்ஸான் (ரலி) அவர்களே பெருமானார் (ஸல்) அவர்களின் கவிஞர் என்று வரலாறு போற்றும் பேற்றினைப் பெற்றார்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, ஒரு நாள் தோல்வி ஒரு கவிஞனின் விதியாகிவிடாது என்பது. இது மாணவர்களுக்கு உரியது. மற்றொன்று, தீர்ப்பளிப்பவர் அதற்கான காரணத்தையும் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது. இது ஆசிரியர்களுக்கும் சமுதாயப் பெரியோர்களுக்கும் உரியது. முதற்பாடத்தை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். இரண்டாம் பாடத்தை மறந்துவிட்டோம் என்பதே என் கருத்து.

தமிழுக்கும் போட்டி புதிதன்று. உமறுப்புலவர் எட்டயபுர அரசவையில், வடபுலத்திலிருந்து வந்த புலவர் ஒருவரை வாதில் வென்றார் என்பது செவிவழிச் செய்தி. அச்சு ஊடகம் வளர்ந்த பின்னர், அரசவையின் இடத்தை இதழ்கள் ஏற்றன. அகிலனின் 'பெண்' என்னும் நாவலும், ராஜம் கிருஷ்ணனின் 'பெண்குரல்' நாவலும் கலைமகள் இதழின் பரிசு பெற்றவை. 1966இல் கல்கி இதழின் வெள்ளிவிழா நாவல் போட்டியில் உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' முதற்பரிசு பெற்றது. அதுவே 1978இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. புதுக்கவிதையால் புகழ்பெற்ற பேராசிரியர் மு. மேத்தா அவர்களின் 'சோழ நிலா' என்னும் வரலாற்று நாவல், ஆனந்த விகடனின் பொன்விழாப் போட்டியில் முதற்பரிசு பெற்றது. ஜெயமோகனின் 'ரப்பர்' 1990இல் அகிலன் நினைவுப் பரிசினைப் பெற்றது. போட்டி இவர்களுக்கு வாசகர் திரளின் முன் நிற்க ஓர் இடம் தந்தது.

ஆனால் எல்லோரும் இவ்வழியே வந்தவர்கள் அல்லர். தோப்பில் முஹம்மது மீரான் அவர்களின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' போட்டி எதனாலும் வெளிச்சம் பெற்றதன்று. 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, 1988இல் நூலாயிற்று. தம் ஊரின் பெருமையை மட்டும் பாடாமல், அதன் அச்சத்தையும் அறியாமையையும் அதிகாரத்தையும் கண்டவாறே எழுதினார். 1997இல் 'சாய்வு நாற்காலி' நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது. தேர்வாளர்களின் முகம் பார்த்து எழுதியிருந்தால் தேங்காப்பட்டணத்தின் கடற்காற்று அவர் எழுத்தில் வீசியிருக்குமா?

அவ்வாறாயின் போட்டிகளில் கலந்துகொள்ள வேண்டாவா? வேண்டும் என்பேன். 'நாளை எழுதலாம்' என்று ஒத்திவைக்கும் இளைஞனுக்குப் போட்டி ஓர் இறுதி நாளைத் தருகிறது. அளவின்றி எழுதுபவனுக்குப் பக்க வரையறை தந்து, எதை வெட்டுவது என்று சிந்திக்க வைக்கிறது. அனைத்திற்கும் மேலாக, எழுதியவர் இன்னார் என்று அறியாத ஒருவரை வாசிக்கச் செய்கிறது. நண்பர் பாராட்டுவார், பெற்றோர் பூரிப்பர், முகமறியா வாசகரோ எழுத்தை மட்டுமே பார்ப்பார். வளரும் எழுத்தாளனுக்கு இவை மூன்றும் பரிசுத்தொகையினும் பெரியவை.

கேடு எங்கே தொடங்குகிறது? 'நடுவர் எதை விரும்புவார்?' என்று மாணவன் எண்ணத் தொடங்கும் இடத்தில். அவ்வெண்ணத்தை அவன் உள்ளத்தில் விதைப்பவர்கள் நாமே. இதற்கு நானே சான்றாக நிற்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் 'சமுதாய ஒற்றுமை' என்னும் தலைப்பில் நடந்த ஒரு போட்டிக்கு நடுவர் மூவருள் ஒருவனாக இருந்தேன். வந்த கட்டுரைகளுள் பெரும்பாலானவை மேடைப்பேச்சின் எதிரொலிகள். ஒரே ஒரு மாணவி மட்டும் பீடி சுற்றும் தன் தாயைப் பற்றி எழுதியிருந்தாள். நாள் முழுதும் சுற்றிய பீடிகளில் ஒரு பகுதியைக் கழிவென்று ஒதுக்கிக் கூலியைக் குறைப்பவரும், அவளுடைய தந்தையும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் ஒரே வரிசையில் தோளோடு தோள் சேர்த்து நிற்கிறார்கள். தொழுகை முடிந்து வாசற்படி இறங்கியதும் அந்த வரிசை ஏன் கலைந்து போகிறது என்று அவள் கேட்டிருந்தாள். ஒற்றுமை என்னும் தலைப்புக்கு உண்மையாக விடை தேடிய கட்டுரை அது ஒன்றே. "நம் குறையை நாமே மேடையில் வாசிப்பதா?" என்று உடனிருந்தவர்கள் தயங்கினர். நானும் வாய்மூடி இசைந்தேன். அவளுக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது.

மறுநாள் அவள் வந்து, "ஐயா, என் எழுத்தில் என்ன பிழை? சொன்னால் திருத்திக்கொள்வேன்" என்று கேட்டாள். நாபிகாவிடம் விடை இருந்தது, என்னிடம் இல்லை. அதன்பின் அவள் எந்தப் போட்டிக்கும் கட்டுரை தரவில்லை. என் ஆசிரியப் பணியில் நான் திருத்த முடியாமற்போன விடைத்தாள் அது.

ஆதலால் போட்டிகளை நடத்தும் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைப்பிலேயே விடையை எழுதிவைக்காதீர்கள். 'ஒற்றுமையின் சிறப்பு' என்று தலைப்பிட்டால் புகழுரையே வரும். 'எங்கள் தெரு' என்று தலைப்பிட்டுப் பாருங்கள், உண்மை வரும். கைப்பேசியில் கேட்ட அளவிலே செயற்கை நுண்ணறிவு ஒரு கட்டுரையை வடித்துத் தந்துவிடும் இக்காலத்தில், பொதுத் தலைப்புக்குப் பொருளே இல்லை. தன் வீட்டு முற்றத்தைப் பற்றி எழுதுபவனுக்கோ இரவல் தேவைப்படாது. பெயரை மறைத்து எண் இட்டுத் தாள்களை நடுவரிடம் கொடுங்கள். பரிசு பெறாத தாளிலும் இரண்டு வரிகளேனும் கருத்தெழுதித் திருப்பித் தாருங்கள். கேடயத்திற்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைக் குறைத்து, நடுவர்கள் பொறுமையாகப் படிக்கும் காலத்தைக் கூட்டுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் சில சொற்கள். விதிமுறைகளை முழுதும் படியுங்கள். நுழைவுக் கட்டணம் பெற்று, அனைவரையும் தேர்ந்தெடுத்து, தொகுப்பு நூலின் படிகளை உங்கள் தலையிலேயே கட்டும் போட்டிகளைக் கண்டு ஒதுங்குங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாக உங்கள் படைப்புக்கு முதல் உரிமையாளர் நீங்களே. நீங்கள் கையொப்பமிட்ட எழுத்து வடிவ ஆவணமின்றி அவ்வுரிமையைப் பிறருக்கு மாற்ற இயலாது. ஆதலால் கையொப்பமிடுமுன் கண்ணை ஓட்டுங்கள். அனுப்பும் படைப்பின் படியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வரும்வரை காத்திராமல் அடுத்ததை எழுதத் தொடங்குங்கள். தோற்ற படைப்பை மூன்று மாதம் கழித்து எடுத்துப் படியுங்கள். நடுவர் சொல்லாமல் விட்ட காரணத்தை அது உங்களுக்குச் சொல்லக்கூடும். ஒருவேளை பிழை உங்களுடையது அன்று என்றும் அது சொல்லக்கூடும். அப்போது அதனை மீண்டும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.

அந்த மாணவி இன்று எங்கிருக்கிறாளோ, அறியேன். இம்மலர் அவள் கைக்கு எட்டுமாயின், அன்று சொல்லத் தவறிய விடையை இங்கே பதிவு செய்கிறேன்: மகளே, உன் எழுத்தில் பிழை இல்லை, பிழை எங்கள் தீர்ப்பில் இருந்தது. எழுது. வல்ல இறைவன் உன் எழுதுகோலுக்கு வலிமை தருவானாக!